நந்தம்பாக்கமா கொடிசியாவா?

கண்காட்சில ஸ்டால் போடணும், சென்னை நந்தம்பாக்கத்துல இருக்கற ட்ரேட் சென்டர்லயா கோவை கொடிசியாலயான்னு ரெண்டு மனசா இருக்கறவங்களுக்கு.

யாரோடது:
நந்தம்பாக்கம் - அரசு சமாச்சாரம், டிட்கோவும் (தமிழ்நாடு அரசோட தொழில் வளர்ச்சிக் கழகம்) டெல்லி ஐடிபிஓவும் (மத்திய அரசோட வர்த்தக மேம்பாட்டு அமைப்பு) கூட்டு. 2001ல ஆரம்பிச்சது, மாநாட்டு அரங்கம் அப்புறமா வந்துச்சு, இப்ப புது ஹால் கட்டி இன்னும் பெருசாக்கிட்டாங்க.
கொடிசியா - 1969ல சின்ன தொழில்காரங்க சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம், அவங்களே கட்டுன வளாகம். எனக்கு இது பெரிய விஷயமா படுது, பம்ப்பும் மோட்டாரும் செய்யற ஊர் தனக்குன்னு ஒரு இடத்த உண்டாக்கிடுச்சு, 2010 ஜூன்ல செம்மொழி மாநாடே அங்கதான நடந்துச்சு, அந்த அஞ்சு நாள் அவிநாசி ரோட்ட நினைச்சுப் பாருங்க!

போய் வர:
ரெண்டுமே ஏர்போர்ட் பக்கம்தான்.
சென்னைல ஆலந்தூர் வரைக்கும் மெட்ரோ, அப்புறம் ஆட்டோ (பேரம் உங்க பாடு).
கோவைல மெட்ரோ கிடையாது, பஸ் இல்லனா கார்.

வர்ற கூட்டம்:
சென்னைக்கு வெளிநாட்டு ஆளுங்க, பெரிய கம்பெனிங்க. முதலீட்டாளர் மாநாடு 2015, 2019, 2024 மூணுமே நந்தம்பாக்கம்தான்.
கொடிசியால இன்டெக், அக்ரி இன்டெக்ஸ்னு கண்காட்சிங்க, மெஷினும் விவசாயமும்.

ஏற்றுமதி ஆர்டர் தேடுறீங்கன்னா சென்னை. லேத், பம்ப், சொட்டுநீர் மாதிரி சரக்குனா யோசிக்காம கோவை போங்க, அங்க வர்றவரு மெஷின தொட்டுப் பாத்துட்டுதான் வெலையே கேப்பாரு.