பணியிட மன அழுத்தம், பிணக்கு, முடிவெடுத்தல்: ஒரு பயிற்சிப் பட்டறை பற்றிய மதிப்பீடு

பணியிட மன அழுத்தத்தைக் கையாளுதல், பிணக்குகளைத் தீர்த்தல், முடிவெடுத்தல் ஆகிய மூன்றையும் இரண்டே நாளில் கற்றுத்தருவதாக அறிவித்துக்கொண்டு வந்த ஒரு வெளிப் பயிற்சிக் குழுவின் பட்டறையில் அண்மையில் கலந்துகொண்டேன். இத்தகைய பயிற்சியை ஏற்பாடு செய்ய எண்ணும் மனிதவளப் பிரிவினருக்கும், ‘வருகை கட்டாயம்’ என்ற மின்னஞ்சலைக் கண்டு சலித்துக்கொள்ளும் ஊழியர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். முடிவெடுத்தல் குறித்த அமர்வுக்காகவே இப்பட்டறைக்குச் செல்லலாம். மன அழுத்தம் குறித்த அமர்வை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை.

முதல் நாள் காலை முழுவதும் மன அழுத்தத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. மூச்சுப் பயிற்சி, உறக்கம், கைப்பேசியைத் தள்ளிவைத்தல் என்று தொடங்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் திரையில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைகோட்டைக் காட்டி, ஓரளவு அழுத்தம் இருந்தால்தான் மனிதர்கள் திறம்பட உழைப்பார்கள் என்பது அறிவியல் முடிவு என்றார் பயிற்றுநர். அந்த வளைகோட்டுக்கு மூலமாகச் சொல்லப்படும் யெர்க்ஸ், டாட்சன் ஆகியோரின் 1908ஆம் ஆண்டு ஆய்வு, சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, அவை எவ்வளவு விரைவில் ஒன்றைக் கற்றுக்கொள்கின்றன என்று பார்த்த ஆய்வு. அலுவலக ஊழியர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதையாவது முழுமையாகச் சொல்லியிருக்கலாம்: பணி கடினமாக ஆக, குறைவான தூண்டுதலே போதுமானதாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் கண்டதுதான். சிக்கலான வேலை செய்பவர்களின் தலையில் நெருக்கடியை ஏற்றக் கூடாது என்ற பொருள் தரும் அந்தப் பாதி, ஏனோ திரைக்கு வரவேயில்லை.

அதைவிடப் பெரிய குறை, அழுத்தத்தின் காரணங்களை எல்லாம் ஊழியரின் மனத்துக்குள்ளேயே தேடியது. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், பணிச்சோர்வு என்பது மருத்துவ நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தால் விளையும், பணி சார்ந்த ஒரு நிலையாகவே விவரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் வெகு முன்பே, 1979இல், ராபர்ட் கராசெக் என்பவர், வேலைப்பளு மிகுந்தும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் இடங்களில்தான் மனத்தளர்ச்சி கூடுதலாக இருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். இதை ஒரே ஒரு பக்கத்திலாவது சேர்த்திருந்தால், தனித்தனியாக நடத்தப்பட்ட மூன்று அமர்வுகளும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது விளங்கியிருக்கும். யாருக்கு எதை முடிவு செய்யும் அதிகாரம் உண்டு என்பது தெளிவில்லாத இடத்தில் பிணக்கு முளைக்கிறது. அது தீராமல் இழுத்துக்கொண்டே போகும்போது, இடையில் மாட்டிக்கொண்டவருக்கு இரவில் தூக்கம் கெடுகிறது. மூச்சுப் பயிற்சியால் அந்தத் தூக்கத்தை மீட்கலாமே தவிர, காரணம் மறுநாள் காலையில் மேசையில் அப்படியே இருக்கும்.

பிற்பகலில் நடந்த பிணக்குத் தீர்வு அமர்வு வேறு தரத்தில் இருந்தது. தாமஸ், கில்மன் ஆகியோர் 1974இல் உருவாக்கிய வினாத்தாளை அனைவருக்கும் கொடுத்தார்கள். அதிலுள்ள 30 இணைக் கூற்றுகளில் ஒவ்வொன்றிலும் நமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தால், போட்டியிடுதல், ஒத்துழைத்தல், சமரசம், தவிர்த்தல், விட்டுக்கொடுத்தல் ஆகிய ஐந்தில் எதை நாம் அதிகம் கையாள்கிறோம் என்பது தெரியவரும். மதிப்பெண்ணைப் பார்த்ததும் பலரும் அதை ராசிபலன் போலப் படித்து, ‘நான் தவிர்ப்பவன்’ என்று சிரித்துக்கொண்டார்கள். பயிற்றுநர் அதை அங்கேயே நிறுத்தி, இவை குணங்கள் அல்ல, சூழலுக்கேற்ப எடுத்துப் பயன்படுத்த வேண்டிய வழிகள் என்று விளக்கியது பாராட்டத்தக்கது. பாதுகாப்பு விதியை ஒருவர் மீறும்போது சமரசம் பேசுவது தவறு. கூட்ட அறையின் நாற்காலி வரிசைக்காக மல்லுக்கு நிற்பதும் அவ்வளவே தவறு. நடிப்புப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட விடுப்புத் தகராறு மட்டும் சற்றுச் செயற்கையாக இருந்தது.

இரண்டாம் நாளின் முடிவெடுத்தல் அமர்வில் அவசரம், முக்கியம் என்று வேலைகளைப் பிரிக்கும் நான்கு கட்டங்களை வேகமாகக் கடந்துவிட்டார்கள். அதில் கவலையில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உள்ளபடியே பயன் தந்தது, உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய, திட்டத்தின் தோல்வியை முன்கூட்டியே கற்பனை செய்துபார்க்கும் முறை. “ஆறு மாதம் கடந்துவிட்டது, உங்கள் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன் என்று ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்” என்றார் பயிற்றுநர். பெயரின்றி வந்த தாள்களில் ஒன்றில், ‘வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தபோது வேலை செய்யப்போகிற எங்களை யாரும் கேட்கவில்லை’ என்று இருந்தது. அதைப் படித்ததும் அறையில் பலர் தலையசைத்தார்கள். வாராந்தரக் கூட்டத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். எதிர்ப்பாகத் தோன்றுவதை இந்த முறை கடமையாக மாற்றிவிடுகிறது. குழு ஒற்றுமையைக் காக்கும் ஆர்வத்தில் ஐயங்கள் அடங்கிப்போகும் போக்கைப் பற்றி இர்விங் ஜானிஸ் 1972இல் எழுதியதையும் அந்த இடத்திலேயே பொருத்திச் சொன்னது நல்ல பாட அமைப்பு.

கையேடு கனமாக இருக்கிறது, திரையில் வந்தவற்றின் அச்சுப்படிதான் அது. மாதம் கழித்து நடந்த இணையவழித் தொடர் அமர்வில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஏற்பாடு செய்கிறவர்கள், மேலாளர்களையும் அவர்களின் கீழ் பணிபுரிபவர்களையும் ஒரே குழுவில் அமர்த்துமாறு கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் பரிந்துரை. எங்களுக்குத் தனித்தனி நாள்களில் நடத்தினார்கள். ஆகவே, தேதி பற்றிய அந்தத் தாளை, தேதி கொடுக்கிறவர்கள் பார்க்கவில்லை. மன அழுத்த அமர்வைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் உங்கள் அலுவலகத்தின் உண்மையான ஒரு திட்டத்தையே எடுத்துக்கொண்டு, அதில் எந்த முடிவை யார் எடுப்பது என்று எழுதித்தரச் சொல்லுங்கள். இந்தக் குழுவின் பயிற்றுநர்களுக்கு அதைச் செய்யும் திறமை இருக்கிறது.