சேர்வராயன் சரிவுக்கு எந்த டிரோன்: வாங்கியதா, கட்டியதா?

சேலத்தில் நிலவியல் படிப்பவருக்கு ஆய்வுக்களம் வாசலிலேயே இருக்கிறது. நகரை ஒட்டி வெள்ளைக்கல் (மேக்னசைட்) மேடுகள், மேற்கே மேக்னடைட் என்னும் இரும்புக்கல் செறிந்த கஞ்சமலை, வடகிழக்கே சார்னோகைட் பாறையாலான சேர்வராயன் மலை. இவற்றைக் குறைந்த செலவில் வானிலிருந்து படமெடுக்கக் கடையில் வாங்கும் சிறு டிரோன் ஏற்றதா, டிரோனை இயக்கும் ஆர்டுபைலட் என்னும் திறந்த மூல மென்பொருளைக் கொண்டு நாமே கட்டுவது ஏற்றதா என்பதை விலையைவிடக் களம்தான் தீர்மானிக்கிறது.

வெள்ளைக்கல் மேட்டில் கடை டிரோனுக்கே என் வாக்கு. பெட்டியைப் பிரித்த அன்றே பறக்கவிடலாம். 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 3 முதல் 4 செ.மீ. வரும் என்பதால், டூனைட் பாறைக்குள் ஓடும் கையகல வெள்ளை நரம்புகூடத் தெரியும். படத்தை இடத்தோடு பொருத்த உதவும் தரைக் குறிகளைச் சுண்ணாம்பால் இட்டால் அந்த வெளுப்பில் மறைந்துவிடும். கறுப்புத் துணியை விரித்துக் கல் வைப்பதே நல்லது.

ஏற்காட்டுச் சரிவில் கதை வேறு. எளிய கடை டிரோன்கள் பல, கிளம்பிய இடத்திலிருந்தே உயரத்தைக் கணக்கிடுகின்றன. கொண்டை ஊசி வளைவொன்றில் நின்று 100 மீட்டர் ஏற்றிவிட்டு, தரை 200 மீட்டர் இறங்கும் பக்கமாக அனுப்பினால், அது தரையிலிருந்து 300 மீட்டர் உயரத்தில் பறக்கும். படத்தின் நுணுக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதோடு, முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தின் 120 மீட்டர் வரம்பும் மீறப்படும். ஆர்டுபைலட்டோ தரையின் உயரத் தரவை வைத்துக்கொண்டு சரிவோடு சேர்ந்து இறங்கும்.

கஞ்சமலையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. மேக்னடைட் பாறைமேல் டிரோனை வைத்தால் அதன் காந்தத் திசைகாட்டி குழம்பும். கடை டிரோன் கிளம்ப மறுக்கலாம், அல்லது கிளம்பிய பின் திசை தவறலாம். சொந்தமாகக் கட்டியதில் இரண்டு துல்லிய ஜிபிஎஸ் ஆன்டெனாக்களைப் பொருத்தி, காந்தத்தின் துணையின்றியே திசையை அறியச் செய்யலாம். செலவு கூடும்தான், ஆனால் இரும்புக்கல்லை ஆராய வந்தவர் அந்த இரும்புக்கல்லாலேயே தடைபடக் கூடாது.

கட்டுவது எளிதென்று நான் சொல்லவில்லை. சால்டரிங், அதிர்வைக் குறைத்தல், உணரிகளை அளவுதிருத்துதல் எனப் பல வாரங்கள் போகும். பாறையை வாசிக்க வந்த மாணவரிடம் அந்த உழைப்பைக் கேட்பது நியாயமுமல்ல. ஆயினும் 2022 பிப்ரவரியில் அயல்நாட்டு டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்தபோது உதிரிபாகங்களுக்கு அது பொருந்தவில்லை. உடைந்த பாகத்தை மாற்றிக்கொள்ளும் வழி கட்டியவருக்குத் திறந்தே இருக்கிறது. 2 கிலோவுக்குள் இருந்தால், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு 2021 டிரோன் விதிகளின்படி விமானி உரிமமும் தேவையில்லை. படங்களை இணைக்க இரண்டுக்கும் ஓப்பன்டிரோன்மேப் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆகவே மலையில் வேலை செய்யும் துறை ஒரு டிரோனையாவது தானே கட்டி, சரிபார்த்த அமைப்புகளைக் கோப்பாகச் சேமித்து, அடுத்த ஆண்டு மாணவர் பேட்டரியை மாட்டி வரைபடத்தில் எல்லையை மட்டும் வரைந்தால் போதும் என்ற நிலையில் ஒப்படைக்க வேண்டும்.