மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் டைனமோவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்

அப்பாவின் 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 என்னிடம் இருக்கிறது. பற்றரிக்கு சார்ஜ் ஏற்றும் அதன் டைனமோ இல்லை. காரில் இப்போது சுழல்வது யாருடையதோ. யாழ்ப்பாணத்தில் மைனர், ஏ40, கேம்பிரிட்ஜ் என்று பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இப்படி நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சித்திரையில் ஓர் இரவு ஹெட்லைற் மங்கியது. காலையில் பார்த்தால் சார்ஜ் காட்டும் சிவப்பு பல்ப் அணையவில்லை. அக்சிலறேற்றரை மெல்ல மிதித்தால் மங்கியது, இன்னும் மிதித்தால் மறுபடி பிரகாசமாக எரிந்தது. இந்த மறுபடி எரிவதில்தான் விஷயம் முழுவதும் இருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த பல்புக்கு ஒரு பக்கம் பற்றரி, மறுபக்கம் டைனமோ. இரண்டு பக்கமும் ஒரே வோல்ற் என்றால் அணைந்துவிடும். டைனமோ செத்திருந்தால் இஞ்சின் எவ்வளவு ஓடினாலும் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருக்கும். மங்கி மறுபடி எரிகிறது என்றால் டைனமோ பற்றரியைத் தாண்டி வோல்ற் கொடுக்கிறது, அது பற்றரிக்குப் போகத்தான் வழியில்லை என்று அர்த்தம். டைனமோவைப் பற்றரியோடு சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்சான கட்அவுட் மூடவில்லை, அவ்வளவுதான்.

நான் கொண்டுபோன கராஜில் கராஜ்காரர் வோல்ற் அளக்கும் மீற்றரைக் கையில் எடுக்கவே இல்லை. போனற்றைத் திறந்து பார்த்தார், மோந்தார். "தம்பி, ஆமேச்சர் எரிஞ்சு போச்சு. கட்அவுட் பெட்டியும் சரியில்லை. விட்டிட்டுப் போங்கோ, றீவைண்ட் பண்ணி வைக்கிறன்" என்றார். ஆமேச்சர் என்பது டைனமோவுக்குள் சுழலும் சுருள், றீவைண்ட் என்றால் அதன் கம்பியை மறுபடி சுற்றுவது. "சரி அண்ணை" என்று விட்டுவிட்டு வந்தேன். ஐந்து நாள், 38,000 ரூபாய், பில் இல்லை. டைனமோ புதுக் கறுப்பு பெயின்ற் பூசிப் பளபளத்தது. பழைய சாமானைக் கேட்டபோது கட்அவுட் பெட்டியை மட்டும் தந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில், பண்ணைப் பாலத்தில், போனற்றுக்குள் இருந்து புகை வந்தது. திறப்பைத் (சாவியைத்) திருப்பி இஞ்சினை நிறுத்தினேன். புகை நிற்கவில்லை. கட்அவுட்டுக்கும் டைனமோவுக்கும் போகும் வயர் திறப்பின் வழியாகப் போவதில்லை. பற்றரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. அன்று பின் சீற்றில் என் மகள் இருந்தாள். இன்னும் என்னால் அதை இலேசாகச் சொல்ல முடியவில்லை.

சாவகச்சேரியில் வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் ஓர் ஐயா வந்து பார்த்தார். மைனர் பொசிற்றிவ் எர்த் கார். பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் பொடியோடு (இரும்பு உடலோடு) சேர வேண்டும். கராஜ்காரர் இந்தக் காலத்துக் கார்போல நெகற்றிவ்வைப் பொடியில் கட்டியிருந்தார். ஆனால் டைனமோவுக்குள் தங்கியிருந்த காந்தம் பழைய திசையிலேயே இருந்தது. கட்அவுட் மூடிய கணத்தில் இரண்டு வோல்ற்றும் ஒன்றோடொன்று சேர்ந்து, கொன்ரக்ற் உருகி ஒட்டிவிட்டது. திசையை மாற்றினால், டைனமோவின் காந்தச் சுருளான ஃபீல்டுக்குப் போகும் எஃப் வயரைக் கழற்றிவிட்டு, டைனமோவின் எஃப் முனையில் பற்றரியின் பொடியில் சேராத முனையிலிருந்து ஒரு வயரை ஓரிரு தடவை தொட்டெடுத்துக் காந்தத்தையும் மாற்றியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

அப்புறம் ஐயா அந்தப் பழைய பெட்டியை வாங்கிப் பார்த்தார். லூகாஸ் கம்பனியின் ஆர்பி106/2. அதில் ஈ என்று குறித்த முனைக்குள் ஓர் அங்குலக் கறுப்பு வயர்த் துண்டு, செம்பு பச்சை பூத்து அறுந்து கிடந்தது. எர்த் வயர் அறுந்ததால் கட்அவுட் சுருளில் மின்சாரம் ஓடவில்லை, அது மூடவில்லை. என் காரில் இருந்த பழுது அது ஒன்றுதான். ஒரு முழ வயர் போதுமாக இருந்தது.

அதனால் யாராவது ஆமேச்சர் போய்விட்டது என்றால், காரிலேயே உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். டைனமோவில் டி, எஃப் இரண்டு வயரையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் பொடிக்கும் இடையில் மீற்றரை வைக்க வேண்டும். இஞ்சினை மெல்ல ஏற்றினால் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குள் வோல்ற் விரைவாக ஏறும், 20ஐத் தொட விட வேண்டாம். 1000 சுற்றுக்கு மேலும் ஏற்ற வேண்டாம். ஒரு வோல்ற் அளவில் நின்றால் ஃபீல்ட் சுருளைச் சந்தேகிக்கலாம், நாலைந்தில் நின்றால் ஆமேச்சரை. மீற்றர் இல்லை என்பவரிடம் காரை விடவே வேண்டாம். கழற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் டைனமோவின் உடலில் குத்தியிருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லூகாஸ் மாதத்தையும் ஆண்டையும் அதிலேயே குத்தியிருக்கும்.

எனக்குத் தரப்பட்டதில் பெயின்ற்றைச் சுரண்டிப் பார்த்தேன். 67 என்று இருந்தது. திரும்பப் போய்க் கேட்டபோது, "அது உங்கட டைனமோதான் தம்பி" என்றார். பில் இல்லாமல் எங்கே போய் முறையிடுவது?

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா காபறேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார் இது. மாதம் தவறாமல் டைனமோவின் பின்பக்கத் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார். சி40-1, 3 64 என்று குத்தியிருக்கும். பின்மூடியில் அப்பா ஆணியால் கீறிய 'க' ஒன்றும் இருக்கும். எங்காவது விற்பனைக்குக் கண்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள், கேட்கும் விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்.