முதுகுப் பட்டி வாங்கலாமா? முள்ளியவளையில் தைக்கிற ஒருத்தியின் பதில்

புதுக்குடியிருப்பில் என்னைப் போலவே வீட்டில் வைத்துத் தைக்கிற தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "அக்கா, அந்த முதுகுப் பட்டி இப்ப பாதி விலைக்குப் போகுது. எடுக்கட்டோ? நீங்கள் கனகாலம் போட்டனீங்கள்தானே." வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம். பட்டியோடு சேர்த்து நான் பழகிய மற்றவற்றையும் சொன்னால்தான் விளங்கும்.

பட்டி எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கும். இரண்டு தோளையும் சுற்றி, முதுகில் குறுக்கே போய், நெஞ்சுக்குக் கீழே வெல்க்ரோவால் ஒட்டி, தோளைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற இலாஸ்டிக் பட்டி. வசந்த காலத்துக்கென்று சொல்லப்படும் ஒரு பயிற்சியைத் தொடங்கியபோது அதன் ஒரு பகுதியாக இதை வாங்கினேன். மெதுவான யோகம், உட்காரும் விதத்தைத் திருத்துவது, சீன மருத்துவம் காட்டும் சில புள்ளிகளை அழுத்துவது, இந்த மூன்றும் சேர்ந்தால் கோபமும் படபடப்பும் அடங்கும் என்பார்கள். எனக்கு அது தேவைப்பட்டது. மாசி, பங்குனி என்றால் எங்களுக்கு வருடப்பிறப்புத் தையல். காலபோக நெல்லு வெட்டி முடிந்து வீடுகளில் கொஞ்சம் காசு புழங்கும். சாறிச் சட்டை, பிள்ளைகளின் பாவாடை சட்டை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். பிடரி இறுகும், நாரி உளையும், பின்னேரம் ஆனால் வீட்டில் யார் என்ன கேட்டாலும் சுடுசொல்தான் வரும்.

பட்டியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தோள் எவ்வளவு முன்னுக்கு விழுந்து கிடந்தது என்பதைப் போட்ட உடனேயே காட்டிக் கொடுத்தது. நின்றுகொண்டு துணி வெட்டும்போது அது நல்ல உதவி. தையல் வேலையும் திறம். ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள். இத்தனை காலத்தில் ஒரு இடமும் பிரியவில்லை.

ஆனால் அந்த வெல்க்ரோ! அதன் ஒரு பக்கம் முழுக்க நுண்ணிய கொக்கிகள். தையல் வீட்டில் காற்றிலேயே நூல் பறக்கும். வெட்டு நூல், பஞ்சு, ஓவர்லொக்கில் விழும் தூசு எல்லாவற்றையும் அது வாரி எடுத்துக்கொள்ளும். கொக்கி அடைபட்டால் பிடிப்புப் போய், குனிந்து பொபின் மாற்றும்போது படாரென்று கழன்று விழும். ஊசியால் நோண்டித் துப்புரவாக்கினால் அடுத்த நாள் திரும்பவும் அதே நிலை. அதைவிடப் பெரிய கொடுமை, சட்டைக்கு மேலே போட்டால் அதன் ஓரம் மடியில் கிடக்கும் துணியில் பட்டு இழையை இழுத்துவிடும். ஜோர்ஜட்டும் சிஃபானும் தாங்காது. ஒரு கலியாணச் சாறியில் இழை இழுபட்டு, அதைத் திரும்ப உள்ளே செலுத்த அரை நாள் போனது. சட்டைக்கு உள்ளே போட்டால் பங்குனி வெய்யிலில் கமக்கட்டு முழுக்க வேர்க்குரு. குளிரூட்டிய அறையில் கணினிக்கு முன்னால் இருப்பவரை மட்டும் நினைத்துச் செய்த பொருள் இது. சாறிச் சட்டைக்கு நாங்கள் எத்தனையோ காலமாகக் கொளுக்கி வைக்கிறோம். அதே கொளுக்கி நான்கை இதிலும் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

வெல்க்ரோவை விட்டாலும் இன்னொரு குறை இருக்கிறது. தைக்கும்போது கண் ஊசியைத்தான் பார்க்க வேண்டும், கை முன்னுக்குத்தான் போக வேண்டும். தோளை மட்டும் பின்னுக்குக் கட்டிவைத்தால் கழுத்து தனியாக முன்னுக்கு நீளும். மனிதத் தலை 4 முதல் 5 கிலோ பாரம். அது முன்னுக்கு நீள நீளப் பிடரித் தசைக்கு வேலை கூடும். பட்டி போட்டுத் தைத்த நாட்களில்தான் எனக்குப் பிடரி நோ கூடியது. அதைக் குறைத்தது வேறு இரண்டு வேலைகள். மிதிமெஷினின் பின் கால்கள் இரண்டுக்கும் அடியில் பலகைத் துண்டு வைத்து, மேசையை என் பக்கம் சற்றுச் சாய்த்தேன். ஊசிக்கு நேரே ஒரு விளக்குப் போட்டேன். துணி கண்ணுக்குக் கிட்ட வந்ததும் நான் துணியைத் தேடிக் குனிவது குறைந்தது. சரியான இருப்பு என்று ஒரேயொரு நிலை இல்லை, இருப்பை அடிக்கடி மாற்றுவதுதான் முதுகுக்கு நல்லது என்றுதான் இப்போது பிசியோதெரபி படித்தவர்களும் சொல்கிறார்கள். பொபின் நூல் முடிகிற ஒவ்வொரு முறையும் எழும்பிக் கிணத்தடி வரை நடந்துவிட்டு வருவேன்.

இனி யோகம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பழகிய சூரிய நமஸ்காரம் மாதிரி வேர்க்க விறுவிறுக்கச் செய்வது இல்லை இது. யின் யோகம் என்பார்கள். 1970களின் கடைசியில் பாலி ஸின்க் என்ற தற்காப்புக் கலைஞர் அமெரிக்காவில் கற்பித்ததிலிருந்து வளர்ந்தது. பால் கிரில்லி என்ற யோக ஆசிரியர் அதை, உடம்பில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் நாடிப் பாதைகளோடு இணைத்துப் பரப்பினார். ஒரு நிலையில் தசையை இறுக்காமல் 3 முதல் 5 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சீன மருத்துவம் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு மூலகம், உறுப்பு, உணர்ச்சி என்று சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் வசந்தத்துக்குரிய மூலகம் மரம். உறுப்புகள் கல்லீரலும் பித்தப்பையும். உணர்ச்சி கோபம். திசை கிழக்கு, நிறம் பச்சை, அந்தப் பருவத்தில் தொல்லை கொடுப்பது காற்று. பித்தப்பைப் பாதை வெளிக் கண்ணோரத்தில் தொடங்கி, காதைச் சுற்றி, பிடரி, தோள், விலா, இடுப்பு, காலின் வெளிப்பக்கம் வழியாக நாலாம் விரலுக்குப் போகிறது, 44 புள்ளிகள். தைக்கிறவர்களுக்கு நோகிற இடங்களை ஒரு கோட்டில் இணைத்தால் ஏறக்குறைய இதே பாதைதான் வரும். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் உடம்பையே யாரோ வரைந்து வைத்திருப்பதாக உணர்ந்தேன்.

அந்தப் பாதையைத் திறக்க என்று சொல்லித் தரும் பக்கவாட்டு வளைவுதான் இந்த முழுப் பயிற்சியிலும் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம். மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். இடுப்பை அசைக்காமல் இரண்டு கால்களையும் ஒரு பக்கம் நகர்த்தி, தோளையும் தலையையும் அதே பக்கம் நகர்த்தினால் உடம்பு பிறை வடிவில் வளையும். கைகளைத் தலைக்கு மேலே வைத்துவிட்டு அப்படியே கிடக்க வேண்டும். முதல் நிமிடம் ஒன்றும் நடக்காது. இரண்டாவது நிமிடத்தில் வளைவின் வெளிப்பக்க விலா மெல்ல விரியத் தொடங்கும். அதன்பிறகு மூச்சு அந்தப் பக்கத்துக்குள் போவது நன்றாகத் தெரியும். இறுக்கித் தைத்த சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டது மாதிரி ஒரு விடுதலை. மணிக்கணக்காகக் குனிந்திருந்து தைக்கும்போது விலா எலும்புகளுக்கு அசைய இடமே இல்லை, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும். மேலோட்டமான மூச்சோடு இருக்கிற ஆளுக்கு எரிச்சல் கிட்டத்தான் நிற்கும். பின்னேரத் தேநீருக்கு முதல் இரண்டு பக்கமும் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு வீட்டில் என் குரல் தணிந்ததை என் மகள்தான் முதலில் கவனித்துச் சொன்னாள்.

இதனால் கல்லீரல் சுத்தமாகிறது, உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறுகிறது என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பக்கவாட்டில் வளைந்து கிடந்தால் கல்லீரலுக்கு அப்படி ஒன்றும் ஆகாது. சீன மருத்துவர்கள் கல்லீரல் என்று சொல்வதும் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் உறுப்பும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் பேசுவது உடம்பின் ஓட்டத்தைப் பற்றிய ஒரு பழைய கணக்கு. எங்கள் சித்த மருத்துவத்தில் பித்தம் கூடினால் சினம் கூடும் என்பார்களே, அந்த வகை.

பருவக் கணக்கும் அப்படியே எங்களுக்குப் பொருந்தாது. சீன நாட்காட்டியில் வசந்தம் பெப்ரவரி 4 அளவில் தொடங்கி மே 5 அளவில் முடிகிறது. எங்கள் இளவேனில் சித்திரையும் வைகாசியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது மூன்று கிழமைக்குத்தான். உணவு விஷயமும் குழப்பம். வசந்தத்தில் விடிய எழும்பித் தேசிக்காய்த் தண்ணி குடி, புளிப்புக் கல்லீரலுக்கு நல்லது என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சுன் சிமியாவ் சொன்னதாக வழங்குவதோ நேர்மாறு: வசந்தத்தில் புளிப்பைக் குறை, இனிப்பைக் கூட்டு. நான் இரண்டையும் விட்டுவிட்டு வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் சாப்பிடுகிறேன். மருத்துநீர் தலையில் வைத்துத் தோய்ந்து வருடம் பிறக்கிற சனம் நாங்கள். பருவம் மாறும்போது உடம்பைக் கவனி என்பதை வெளியிலிருந்து வந்து யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் பழைய சீன மருத்துவ நூலில் வசந்தத்துக்கு ஓர் அழகான அறிவுரை இருக்கிறது: நேரத்தோடு எழும்பு, கூந்தலை அவிழ்த்துவிடு, முற்றத்தில் ஆறுதலாக நட. எங்கள் அம்மம்மா இருந்திருந்தால் தலையை விரித்துக்கொண்டு விடியக்காலையில் வளவுக்குள் நடக்க விட்டிருப்பாவா? தலைவிரி கோலம் இங்கே துக்கத்துக்கும் கோபத்துக்கும் உரியது. மதுரையை எரித்துவிட்டு அந்தக் கோலத்தோடு வந்த கண்ணகி நந்திக்கடல் கரையில் தங்கினாள் என்பதுதான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் ஐதீகம். வைகாசிப் பொங்கலுக்கு முன்பு கடல்நீர் எடுத்துவந்து எங்கள் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். கோபத்தோடு வந்தவளுக்குப் பொங்கிப் படைத்து ஆற்றுகிற ஊர் இது. வசந்தமும் கோபமும் ஒன்றாக வரும் என்று சீனர்கள் சொன்னபோது எனக்கு அது அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் துக்கத்தைச் சீனக் கணக்கு நுரையீரலோடு சேர்த்து இலையுதிர் காலத்தில் வைத்திருக்கிறது. வன்னியில் அது எப்படிச் சரிவரும்? 2009இல் இந்த வசந்த மாதங்களில் இந்தக் கரையில் என்ன நடந்தது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சித்திரை கடைசியிலேயே நெஞ்சு கனக்கத் தொடங்கும். மே 18க்குக் கஞ்சி காய்ச்சி முடியும் வரைக்கும், அதற்குப் பிறகும், பல வீடுகளில் ஆட்கள் சரியாக நித்திரை கொள்வதில்லை. அதனால் நான் வசந்தப் பயிற்சியின் கடைசிப் பகுதியை மாற்றிவிட்டேன். துவாயை இறுக்கிச் சுருட்டி, முதுகெலும்பு நீளத்துக்கு வைத்து, அதன்மேல் மல்லாந்து படுத்துக் கைகளை இரண்டு பக்கமும் விரித்துவிடுவேன். நெஞ்சு திறக்கும். சில நாள் அழுகை வரும், வரட்டும் என்று விட்டுவிடுவேன். இதைச் செய்வதால் துக்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் அது பொய். இரவில் மூச்சு முட்டாமல் படுக்க முடிகிறது, அதுவே எனக்குப் பெரிய உதவி. நித்திரையே வராமல், சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால் யோகப் பாயை நம்பி இருக்க வேண்டாம்; ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போய்க் கதையுங்கள்.

அழுத்தப் புள்ளிகளில் நான் தொடர்ந்து செய்வது ஒன்றுதான். பாதத்தின் மேல்பக்கத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் விரலை வைத்துக் கணுக்கால் பக்கம் நகர்த்தினால், இரண்டு எலும்பும் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் தட்டுப்படும். கல்லீரல் பாதையின் மூன்றாவது புள்ளி. தைச்சோங் என்று பெயர். நாள் முழுக்க மிதித்த காலுக்கு அங்கே அழுத்தினால் நன்றாக நோகும், பிறகு இதமாக இருக்கும். கோபம் குறைவது அந்தப் புள்ளியாலா, இல்லை இரண்டு நிமிடம் சும்மா இருந்து காலைப் பிடிப்பதாலா என்று நான் ஆராயவில்லை. ஒன்று கவனம்: வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் தோளின் உச்சியிலும், கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலும் அழுத்தக் கூடாது என்று சீன மருத்துவமே சொல்கிறது. தங்கச்சி, உன் அண்ணிக்கும் இதைச் சொல்.

சரி, பட்டிக்கு வருகிறேன். என்னுடையதில் வெல்க்ரோவை வெட்டி எறிந்துவிட்டுக் கொளுக்கி வைத்துத் தைத்துவிட்டேன். துணி வெட்டுகிற நாட்களில் இன்னும் போடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீ வாங்காதே, பாதி விலைக்கும் வேண்டாம், கால் விலைக்கும் வேண்டாம். அந்தச் சாறி இழுபட்டது இன்னும் என் மனதில் கிடக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கு. மிச்சம் இருந்தால் 6 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பாய் எடு, சீமெந்து நிலத்துக்கு அதைவிட மெல்லியது சரிவராது. வருடப்பிறப்புத் தையல் தொடங்குவதற்குள் ஒருநாள் முள்ளியவளைப் பக்கம் வந்தாயென்றால், மெஷினைச் சாய்க்கிற அளவையும் அந்தப் பிறை வளைவையும் நேரில் காட்டித் தருகிறேன்.