வடக்குப் பார்த்த அறைக்கு ஏற்ற எமல்ஷன்

வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல் உள்ள எங்கள் படுக்கையறைக்கு ஏசியன் பெயின்ட்ஸ் ராயல் எமல்ஷனை (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) வெளிர் சந்தன நிறத்தில் அடித்தோம். நேர் வெயில் படாத அறையில் வெளிச்சம் நீலம் கலந்தே வருவதால், தூய வெள்ளை அங்கே சாம்பல் பூத்துத் தெரியும். மஞ்சள் சாயலுள்ள இந்த நிறமோ மாலை ஐந்து மணிக்கும் சுவரைத் துலக்கமாகக் காட்டுகிறது. சுவிட்சைச் சுற்றிப் படிந்த விரல் கறை, சோப்பு நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்ததும் பெயின்ட் உரியாமல் போய்விட்டது என்பதே எனக்குப் பெரிய நிறைவு. சுண்ணத்தூள் கலந்த மலிவான சுவர்ப்பூச்சான டிஸ்டெம்பரைவிட விலை அதிகம்தான். ஆனாலும் நாளும் கை படும் சுவருக்கு இதையே பரிந்துரைப்பேன். மினுமினுப்பான எந்தப் பூச்சும் சுவரின் மேடுபள்ளத்தை எடுத்துக்காட்டும் என்பதால், பெயின்ட் அடிக்கும் முன் பட்டி பூசிச் சுவரைச் சமப்படுத்துவதில் சிக்கனம் கூடாது. நிற அட்டையைக் கடையின் ட்யூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், சிறிய டப்பா வாங்கிச் சுவரில் இரண்டடிக்கு அடித்து, பகலிலும் இரவிலும் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள்.