உளவியல் படிக்க உதவும் நூல்களும் செயலிகளும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது

உளவியலில் ஆர்வம் வந்ததும் பலர் முதலில் வாங்குவது உளவியலாளர் டேனியல் கானெமன் 2011-ல் வெளியிட்ட 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'. அருமையான நூல். ஆனால் அதன் 3, 4 அத்தியாயங்களைப் பென்சிலும் கையுமாகத்தான் படிக்க வேண்டும். மனக்கட்டுப்பாடு பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்து 3-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறையக் காணாமல் போனது. முதுமையைக் குறிக்கும் சொற்களைக் கையாண்டவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று 4-ஆம் அத்தியாயம் சொல்கிறது. 2012-ல் நடையை அகச்சிவப்பு உணரியால் அளந்தபோது அதுவும் நிற்கவில்லை. சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017-ல் கானெமனே ஒப்புக்கொண்டார். அதற்காக நூலை ஒதுக்கிவிடாதீர்கள். இழப்பு ஏன் அதிகம் வலிக்கிறது என்று விளக்கும் நான்காம் பகுதி, 2020-ல் 19 நாடுகளில் மறுபடி சோதித்தபோதும் பெருமளவு தாக்குப்பிடித்தது.

எந்த ஆய்வை நம்பலாம் என்று எடைபோடத் தெரியாமல் இந்த நூலுக்குள் போவதுதான் சிக்கல். அதனால் முதலில் ஓபன்ஸ்டாக்ஸ் அமைப்பு இணையத்தில் தரும் உளவியல் பாடநூலின் இரண்டாம் பதிப்பை எடுங்கள். இலவசம், 16 அத்தியாயங்கள். ஆய்வு முறைகளைச் சொல்லும் 2-ஆம் அத்தியாயத்தைச் சுவையில்லை என்று தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாதது அது ஒன்றுதான். பிறகு கற்றல் (6), நினைவு (8). மற்றவற்றை விருப்பம்போல் படிக்கலாம்.

படித்தது நினைவில் நிற்க ஆங்கி செயலி. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என நாம் எழுதும் அட்டைகளை இடைவெளி விட்டு விட்டு அது திரும்பக் காட்டும். ஆண்ட்ராய்டில் ஆங்கிடிராய்டு இலவசம், ஐபோனில் காசு. நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்று அதுவே வைத்திருக்கும். அதை 8 ஆகக் குறையுங்கள். புதிய அட்டைகளின் எண்ணிக்கையைப் போலப் பத்து மடங்கு வரை மறுபார்வை சேரும். 20 என்றால் நாளுக்கு 200. இரண்டு நாள் விட்டால் மலைப்பு வந்து செயலியையே கைவிடுவோம். இதைவிடப் பெரிய தவறு, விடை மறந்துபோனபோது 'ஹார்ட்' (கடினம்) பொத்தானை அழுத்துவது. செயலியின் கணக்கில் அது 'சிரமப்பட்டாலும் நினைவுக்கு வந்தது' என்று பதியும். அடுத்த முறை அந்த அட்டை தாமதமாகத்தான் வரும். மறந்தால் 'அகெய்ன்' (மீண்டும்) மட்டுமே.

அட்டையில் வரையறை கேட்காதீர்கள், காட்சி கேளுங்கள். 'சீட் பெல்ட் போட்டதும் காரின் எச்சரிக்கை ஒலி நிற்கிறது. இது தண்டனையா, எதிர்மறை வலுவூட்டலா?' எதிர்மறை வலுவூட்டல்தான்: தொல்லை நீங்குவதால் பெல்ட் போடும் பழக்கம் வலுக்கிறது. வரையறையை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களும் இந்தக் கேள்வியில் தடுமாறுவார்கள்.

தன் மனதையே கவனிக்க விரும்புகிறவர்களுக்கு மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் மனச்சோர்வைப் பற்றி எழுதிய 'ஃபீலிங் குட்' (1980) நூல். வாசித்தால் மட்டும் பயன் மிகக் குறைவு, நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தை நெடுக்காகப் பிரித்து மூன்று பத்திகள்: தானாக எழுந்த எண்ணம், அதிலுள்ள திரிபு (சிந்தனைப் பிழை), அதற்கு நியாயமான பதில். முதல் பத்தியில் 'வருத்தமாக இருக்கிறது' என்று எழுதினால் மேலே நகராது. அது உணர்வு, அதை மறுத்து வாதிட முடியாது. 'எனக்கு எதுவும் வராது' என்பதுதான் எண்ணம். மூன்றாம் பத்தியில் நாமே நம்பாத ஆறுதலை எழுதினாலும் பலனில்லை. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் நோட்டை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

மனநிலையையும் அன்று செய்த செயல்களையும் பதிந்துவைக்க டேலியோ செயலி. அதில் மனநிலைக்கு ஐந்து முகங்கள். படுக்கும்போது ஒருமுறை மட்டும் பதிந்தால் மாலையில் நடந்ததே முழு நாளின் நிறமாகிவிடும். மதியம் ஒன்று, இரவு ஒன்று என நேரம் குறித்துப் பதியுங்கள். செயல்களின் பட்டியலை எட்டுக்குள் நிறுத்துங்கள். நடைப்பயிற்சி போன நாளில் மனம் நன்றாக இருந்தது என்று வரைபடம் காட்டினால், மனம் நன்றாக இருந்ததால் நடக்கப் போயிருக்கவும் கூடும். பதிவுகள் போனிலேயே இருக்கும். போனை மாற்றும் முன் கூகுள் டிரைவில் காப்புப் பிரதி எடுத்துவிடுங்கள்.