அமெரிக்க அரசு முடக்கம்: இடைக்கால மசோதாவா, துறைவாரி மசோதாவா?

அமெரிக்காவில் நிதியாண்டு அக்டோபர் 1-இல் பிறக்கிறது. அதற்குள் நிறைவேற வேண்டிய ஒதுக்கீட்டு மசோதாக்கள் 12. எதற்குக் கையெழுத்து விழவில்லையோ அந்தத் துறை முடங்கும். பூட்டைத் திறக்க இரண்டு சாவிகள் உண்டு. பழைய அளவிலேயே சில வாரங்கள் செலவைத் தொடரவிடும் இடைக்கால மசோதா ஒன்று. உடன்பாடு எட்டிய துறைகளுக்கு மட்டும் முழு ஆண்டுப் பணம் தரும் மசோதா மற்றொன்று. இரண்டாவதுதான் மேல் என்பது என் வாதம்.

இடைக்கால மசோதாவின் பலம் வேகம். சில பக்கங்களில் எல்லாத் துறையும் திறந்துவிடும். ஆனால் புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது. விதிவிலக்கு வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் மசோதாவிலேயே எழுத வேண்டும். செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: அடுத்த கெடு வரும்போது யார் மாட்டுவார்கள்?

2025-இல் 43 நாள் முடக்கம். சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் ஸ்னாப் உணவு உதவி நவம்பரில் தடைபட்டு, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. நவம்பர் 12-இல் கையெழுத்தான தொகுப்பு இரண்டு வழிகளையும் சேர்த்துக் கட்டியது. பெரும்பாலான துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரை இடைக்கால நிதி. வேளாண்மை, இராணுவக் கட்டுமானமும் முன்னாள் படைவீரர் நலமும், நாடாளுமன்றச் செலவு ஆகிய மூன்று மசோதாக்களுக்கு மட்டும் 2026 செப்டம்பர் 30 வரை முழுப் பணம். ஸ்னாப் வேளாண்மை மசோதாவுக்குள் வருவதால், ஜனவரிக் கெடு அந்தக் குடும்பங்களின் அடுப்பைத் தொட முடியாதபடி ஆனது. இடைக்கால மசோதா மட்டும் வந்திருந்தால் அவர்கள் மறுபடி நாள் எண்ண வேண்டியிருந்திருக்கும்.

ஏன் அந்த மூன்று? அவை ஆகஸ்டிலேயே இரு கட்சி ஆதரவோடு செனட்டைக் கடந்தவை. பேரம் பேச மிச்சம் குறைவு. துறைவாரி வழி பலிக்க இதுதான் நிபந்தனை. ஒரு தரப்பு தனக்குப் பிடித்த துறையை மட்டும் பிய்த்து எடுத்துவந்தால் நடக்காது. 2013 முடக்கத்தின்போது தேசியப் பூங்காக்கள், தேசிய சுகாதார நிறுவனங்கள் என்று பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினர் துண்டு துண்டாக அனுப்பியபோது, செனட்டின் ஜனநாயகக் கட்சியினர் ஏற்கவில்லை. மக்கள் கண்ணில் படுவது திறந்துவிட்டால் மற்றதைக் கேட்க ஆளிருக்காது என்ற அவர்களது அச்சத்தில் நியாயம் இருந்தது.

இந்த வழியின் உண்மையான பலவீனமும் அதுவே. 2018 டிசம்பர் 22-இல் முடக்கம் தொடங்கியபோது, பாதுகாப்பு உட்பட 5 மசோதாக்கள் ஏற்கெனவே சட்டமாகியிருந்தன. மெக்சிகோ எல்லைச் சுவருக்கான 570 கோடி டாலர் சண்டை 35 நாள் இழுத்தது. பாதிப்பு குறைவாக இருந்ததால்தான் அவ்வளவு நீண்டது என்று அடித்துச் சொல்லமாட்டேன்; அழுத்தம் குறைந்தது என்பதை மறுக்கவும் முடியாது. ஆனாலும் அந்த 35 நாளும் படைவீரர் சம்பளம் நிற்கவில்லை. கடலோரக் காவல் படைக்கு நின்றது, ஏனென்றால் அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மசோதாவில் இருக்கிறது.

2025-இல் சண்டையின் மையமான மருத்துவக் காப்பீட்டு மானியத்தை இரண்டு சாவிகளும் தாமாகத் திறந்திருக்காது. அது வரிச்சலுகை, 12 மசோதாக்களுக்கு வெளியே, வரிச் சட்டத்தில் இருக்கிறது.